தென்கடல் கிண்ணம் நடக்காத வருஷம்

உட்காருங்கள், ஐயா. அந்தப் பை என்னுடையதுதான். மடியில் வைத்துக்கொள்கிறேன். கனமில்லை, எல்லாம் காகிதம். ஈப்போவில் பஸ் ஏறியதிலிருந்து இந்த இடம் காலியாகவே வந்தது. தாப்பாவில் நீங்கள் ஏறியது நல்லதாகப் போயிற்று. பேசாமல் வந்தால் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

கோலாலம்பூர் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? இரண்டரையா? சரி, நேரம் இருக்கிறது. நாலு மணிக்குள் செந்தூலில் ஓர் அச்சகத்துக்கு நான் போயாக வேண்டும். நாலு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கும். ஓடிவிட்டால் எல்லாம் முடிந்தது. ஒரே ஒரு வரி, ஐயா. அதை மாற்றத்தான் போகிறேன். அதாவது, மாற்றுவதற்காகத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன்.

நீங்கள் என்ன வேலை? தமிழ்ப்பள்ளி ஆசிரியரா? அப்படியானால் ஒரு வரியின் அருமை உங்களுக்குத் தெரியும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். மற்றதெல்லாம் துண்டறிக்கை படித்து வந்த தமிழ். இந்த ஊரில் எந்தச் சங்கம் அறிக்கை போட்டாலும் படிப்பேன். பிறகு நானே போட ஆரம்பித்தேன். என் பெயர் செங்கோடன். தொழிலாளர் சங்கச் செயலாளர் செங்கோடன் என்றால் ஒரு காலத்தில் ஈப்போவில் தெரியும்.

பௌல்ஸ் என்று ஒரு விளையாட்டு, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லை, இல்லை, பின்களைச் சாய்க்கிற பௌலிங் அல்ல. அது வேறு. இது வெள்ளைக்காரன் புல்தரையில் விளையாடியது. ஒரு கோடியில் சின்ன வெள்ளைப் பந்தை வைப்பார்கள். மறுகோடியிலிருந்து பெரிய பந்தை உருட்ட வேண்டும். யார் பந்து வெள்ளைப் பந்தை ஒட்டி நிற்கிறதோ அவருக்கு வெற்றி. பெரிய பந்து முழு உருண்டை கிடையாது. நேராக விட்டால் நேராகப் போகாது, வளைந்துதான் போகும். எங்கே விட்டால் எங்கே வளையும் என்பதுதான் வித்தை. மழைக்குப் பயந்து இதைக் கூரைக்குள் கொண்டுபோனார்கள். புல்லுக்குப் பதில் பச்சைக் கம்பளம். அந்த உள்ளரங்கப் பௌல்ஸுக்கு ஒரு சர்வதேசப் போட்டி உண்டு. தென்கடல் கிண்ணம். எழுபத்து நாலில் நியூசிலாந்தில் ஒரு கம்பளிக் கிடங்கில் ஆறு நாடுகளோடு தொடங்கினார்கள். அப்புறம் ஹாங்காங், ஃபிஜி, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போயிற்று. எண்பத்தாறில் எங்கள் ஈப்போவுக்கு வந்தது. பதினொரு நாடுகள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். நான் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. துரைமார் விளையாட்டை நான் ஏன் பார்க்க வேண்டும்? போட்டி நடக்க வேண்டிய அரங்கம் ஈப்போவில் ஒரு கிளப்புக்குச் சொந்தம்; என் தங்கை கோமளம் அங்கே கம்பளம் கூட்டுகிற வேலை பார்த்தாள். சாப்பிடும்போதெல்லாம் இந்தப் பேச்சுத்தான். இப்போது போட்டிக்கு ஐம்பது வயது என்று வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்கள். அதுதான் நாலு மணிக்கு மெஷினில் ஏறுகிறது. அதில் எண்பத்தாறாம் வருஷத்துக்கு எதிரே என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? "கூரை ஒழுகிக் கம்பளம் நனைந்ததால் போட்டி நடைபெறவில்லை." அவ்வளவுதான்.

கூரை ஒழுகவில்லை, ஐயா. அது போராட்டம். என் போராட்டம்.

சொல்கிறேன், கேளுங்கள். அந்தக் கம்பளம் முப்பத்தைந்து மீட்டர் நீளம். மூன்று கம்பளம். சுருளைத் தூக்க ஆறு ஆள் வேண்டும். தூக்கி வைத்து, வெறுங்காலோடு பின்னால் நடந்து நடந்து உருட்டி விரிக்க வேண்டும். விளையாடுகிறவர்களுக்கு மெத்தென்ற அடி வைத்த வெள்ளைச் சப்பாத்து. விரிக்கிறவனுக்கு வெறுங்கால். தடம் விழுந்துவிடுமாம். அப்படி விரிக்கும்போதுதான் ஆரோக்கியம் என்கிற மூத்த தொழிலாளியின் கால் மேல் சுருள் இறங்கியது. மூன்று விரல் போய்விட்டது. கிளப் என்ன செய்தது? நொண்டி நடந்தால் கம்பளம் கெடும் என்று வேலையைவிட்டு நிறுத்தியது.

விடுவேனா? ஆரோக்கியத்தைத் திரும்ப எடு, எல்லோருக்கும் சப்பாத்து கொடு என்று எழுதினேன். பதில் இல்லை. கிண்ணப் போட்டிக்குப் பத்து நாள் முன்னால் துண்டறிக்கை போட்டேன். இரண்டாயிரம் பிரதி. கடைசி வரி இப்போதும் மனப்பாடம்: "சனிக்கிழமை அந்தக் கம்பளத்தில் பந்து உருளுமானால், செங்கோடன் பொதுவாழ்வைவிட்டு விலகுவான்." சந்தையில், கோவில் வாசலில், கிளப் கேட்டில், எல்லா இடத்திலும் கொடுத்தேன். கோமளத்திடமும் ஒன்று கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். அவள் அதிகம் பேசமாட்டாள்.

ஆனால் எனக்கு வேண்டியதை அவள்தான் கொடுத்தாள். ஒருநாள் சாப்பாட்டில் சொன்னாள்: "கம்பளத்துக்குத் தண்ணிதான் அண்ணே எமன். அடியிலே இருக்கிற விரிப்பு குடிச்சுடும். அப்புறம் காஞ்சாலும் மேடு மேடா எழும்பும். பந்து தன்னிஷ்டத்துக்குப் போவும்." அந்த நிமிஷமே எனக்குத் திட்டம் வந்துவிட்டது. எதிரியின் கோட்டைக்குள்ளிருந்தே ஆயுதம்! நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், பாவம், எதற்கு என்று தெரியாமல்.

கம்பளத்தை வியாழக்கிழமையே விரித்துவிடுவார்கள். படிந்து அடங்க இரண்டு நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை தொழுகை நேரம், அரங்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். நான் முன்வாசலில் கொடியோடு நிற்பேன். காவலாளிகள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கம்பளம் தூக்குகிற எங்கள் சங்கத்து ஆட்கள் ஆறு பேர், லோகநாதன் என்பவன் தலைமையில், பின்படி வழியாக ஏறி, தோட்டத்துக் குழாயை இழுத்து நனைத்துவிட வேண்டும்.

நின்றேன். இரண்டரை மணி நேரம் அந்த வெயிலில் தனியாளாக நின்றேன். கோஷம் போட்டேன். ஒரு மழைத்துளி இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், வானிலை அலுவலகத்திலிருந்து கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன், இந்தப் பையில் இருக்கிறது. மூன்று மணிக்கு உள்ளே ஒரே கூச்சல். மூன்று கம்பளமும் ஊறிக்கிடந்தன. பதினொரு நாட்டுக்காரனும் ஓட்டலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஊருக்குப் போனான். ஐம்பது வருஷத்தில் கிண்ணம் நடக்காத ஒரே வருஷம் அதுதான். ஏழு தமிழர்கள் நிறுத்திக் காட்டினோம்.

கோமளமா? ஆமாம், அவளும் அந்த வருஷம் விளையாடுவதாக இருந்தது. சொல்லவில்லையா நான்? எப்போதோ பெண்கள் பயிற்சிக்கு ஓர் ஆள் குறைந்ததாம். கூட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு உருட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து எட்டு வருஷம் இரவல் பந்தில் விளையாடி, எண்பத்தாறில் மலேசியாவின் இரண்டாவது அணியில் எடுத்தார்கள். வெள்ளை உடுப்பு அவளே தைத்துக்கொண்டாள். நான் அவளிடம் விளக்கினேன்: "இது வர்க்கப் போராட்டம்மா. தனிமனித ஆசை இதிலே சின்ன விஷயம்." தலையை ஆட்டினாள். புரிந்துகொண்டாள் என்றுதான் சொல்வேன். அடுத்த கிண்ணம் ஃபிஜியில். அவளுக்கு அழைப்பு வந்தது. போகவில்லை. அதற்கப்புறம் பந்தையே தொடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது தலைக்கு மேல் வேலை.

என்ன வேலை என்கிறீர்களா? அந்தப் பொய்யை எதிர்க்கிற வேலை! கிளப் விசாரணை வைத்தது. நான் கைதாகத் தயாராக இருந்தேன். அந்தக் காலத்தில் வழக்கே இல்லாமல் உள்ளே வைக்கிற சட்டம் இருந்தது, தெரியுமில்லையா. பேச்சு எழுதி வைத்திருந்தேன். கூண்டில் நின்று பேச வேண்டியது, பதினாலு பக்கம். ஆனால் ஒரு வாரத்தில் விசாரணையை மூடிவிட்டார்கள். முந்தின நாள் மழைநீர் கூரையில் தேங்கி ஒழுகியது, ஒரு பணியாளர் நேரில் கண்டார். முடிந்தது கதை. வெளிநாட்டுக்காரன் முன்னால் தொழிலாளர் போராட்டம் என்பதைவிட ஒழுகல் மரியாதையாக இருந்திருக்கிறது அவர்களுக்கு. ஆரோக்கியத்தைத் திரும்ப எடுக்கவில்லை. சப்பாத்தும் கொடுக்கவில்லை. போராட்டமே நடக்காதபோது கோரிக்கை ஏது?

அந்தப் பணியாளர் யார்? முப்பத்தெட்டு வருஷம் இந்த ஒரு கேள்வியோடு வாழ்ந்தேன். என் கணக்கில் அது லோகநாதன். மறுவருஷமே அவனை மேஸ்திரி ஆக்கினார்களே! மூன்று துண்டறிக்கையில் அவனைத் துரோகி என்று பெயர் போட்டு எழுதினேன். அவன் பெண்சாதி இறந்தபோது ஊரே போயிற்று, நான் போகவில்லை. பிறகு சங்கம் கலைந்தது, கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். நான் கோமளத்தின் வீட்டில்தான் இருக்கிறேன். அவளும் கட்டிக்கொள்ளவில்லை, நானும் கட்டிக்கொள்ளவில்லை. மருந்து, சாப்பாடு எல்லாம் அவள் பார்த்துக்கொள்கிறாள். நான் கடிதங்களைப் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு வருவதையும் நான்தான் பிரிப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை அவள் பெயருக்குப் பெரிய உறை வந்தது. அந்தப் புத்தகத்தைத் தயாரிக்கிற வோங் என்கிற பெண் அனுப்பியிருந்தாள். கோமளத்துக்கென்று ஒரு முழுப் பக்கம், ஐயா! கம்பளம் கூட்டிய பெண் தேசிய அணிக்கு வந்த கதை. பச்சைக் கம்பளத்தின் மேல் வெள்ளை உடுப்பில் அவள் நிற்கிற படம். வியாழக்கிழமை, விரித்த அன்று, எடுத்தது. இப்படி ஒரு படம் இருப்பதே எனக்குத் தெரியாது. அந்தப் படத்துக்குப் பின்னால் இன்னொரு தாள். பழைய கோப்பில் கிடைத்தது, சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று. விசாரணையில் கொடுத்த வாக்குமூலம். "கூரை ஒழுகியதை நான் என் கண்ணால் பார்த்தேன்." கீழே கையெழுத்து. கோமளவல்லி.

அந்தத் தாளோடு அப்படியே எழுந்தேன்.

அடுப்படிக்குப் போனேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தாளை முன்னால் போட்டேன்.

"இது உன் கையெழுத்தா?"

பார்த்தாள். "ஆமாண்ணே."

"முப்பத்தெட்டு வருஷம் நான் தேடினது உன்னைத்தானா? ஒரே வீட்டிலே உட்கார்ந்துகிட்டா?"

"உங்களைப் பிடிச்சுட்டுப் போவாங்கன்னு சொன்னாங்க. போனா வரமாட்டீங்கன்னாங்க. எழுதிக் குடுத்தேன்."

"போயிருப்பேனே! பெருமையா போயிருப்பேனே! என் பேச்சு பதினாலு பக்கம்..."

"தெரியும். நீங்க படிச்சுக் காட்டினீங்க."

சரி, பாசத்தில் செய்த தவறு, மன்னித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். காகிதம் எடுத்து வைத்தேன். இப்போது உண்மையை எழுது, செயலாளர் செங்கோடன் தலைமையில் தொழிலாளர் ஆறு பேர் கம்பளத்தை நனைத்தார்கள் என்று எழுது, நான் கொண்டுபோய்ப் புத்தகத்தில் சேர்க்கிறேன் என்றேன். அவள் மீனை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அவங்க யாரும் உள்ளே வரலேண்ணே."

"உனக்கென்ன தெரியும்?"

"அந்தப் பக்கத்தை விட்டுடுங்கண்ணே. என் படம் போடறாங்க."

இதுதான் அவள் கேட்டது. முப்பத்தெட்டு வருஷத்தில் என்னிடம் அவள் கேட்ட ஒன்று எது என்றால் இதைத்தான் சொல்ல முடியும். வோங்குக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் மரியாதையானவள். "வாக்குமூலம் பொய்யென்றால் புத்தகக் குழு அந்த வரியையும் உங்கள் தங்கையின் பக்கத்தையும் மறுபடி யோசிக்கும், ஐயா" என்றாள். என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வரியை மாற்றினால் படம் போய்விடும். இருந்தாலும் வரலாறு வரலாறுதானே? ஒரு படத்துக்காக ஒரு போராட்டத்தைப் புதைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள், ஆசிரியர் நீங்கள்.

சாட்சிக்கு இன்னொரு கையெழுத்து வேண்டும். உயிரோடு இருப்பது லோகநாதன் ஒருவன்தான். நேற்றுக் காலையில் போனேன். வாசலில் பறவைக்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க செயலாளரே. வழி தெரிஞ்சுதா? கல்யாணத்துக்கும் வரலே, கருமாதிக்கும் வரலே. எவனை ஒழிக்க இப்போ வந்திருக்கீங்க?"

"நீ துரோகி இல்லேன்னு தெரிஞ்சுபோச்சு. அதைச் சொல்ல வந்தேன்."

"அடேயப்பா. அதையும் ரெண்டாயிரம் அடிச்சு ஒட்டுங்க. இந்தத் தடவையாவது என் பேரைச் சரியாப் போடுங்க."

கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். கூண்டைக் கீழே வைத்தான். என்னை உட்காரச் சொன்னான்.

"செயலாளரே, நாங்க உள்ளே போவலே."

"என்னடா சொல்றே?"

"சந்து முனையிலே மாமாக் டீக்கடையிலே குந்தியிருந்தோம். ஆளுக்கு ரெண்டு தே தாரே, நுரைக்க ஆத்தின டீ, குடிச்சோம். ஆரோக்கியந்தான் சொன்னாரு, என் காலு போனது போதும், நீங்க ஆறு பேரும் உள்ளே போயிடாதீங்கடான்னு."

"மூணு மணிக்கு நீங்க வந்து முடிச்சுட்டோம்னு சொன்னீங்களேடா!"

"எங்கே சொன்னோம்? நீங்கதான் கொடியைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தீங்க. கடை வாசல்லே எங்களைக் கட்டிப்புடிச்சு, சாதிச்சுட்டீங்கடா, சாதிச்சுட்டீங்கடான்னு அழுதீங்க. அழுவற ஆளுகிட்ட என்னத்தைச் சொல்றது? சரி, எவனோ செஞ்சிருக்கான், நம்ம செயலாளர் சந்தோஷமா இருக்காருன்னு விட்டுட்டோம்."

"அப்புறம் நான் துரோகின்னு எழுதினப்போவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, ஐயா. கிண்டலாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை. கோமளம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே கேட்டேன்.

"நனைச்சது யாரு?"

"உக்காருங்கண்ணே. மூச்சு வாங்குது உங்களுக்கு."

"யாரு?"

"நான்தான்."

சட்டை ஒன்றை மடித்து, கழுத்துப் பட்டியைத் தடவிவிட்டாள். என் சட்டை.

"சாயங்காலம் பயிற்சி. வெள்ளனவே போனேன். சாவி எங்கிட்டேதானே இருக்கும். போற வழியிலே மாமாக் கடையிலே அவங்களைப் பார்த்தேன். ஆறு பேரும் இருந்தாங்க. கிட்டே வந்தா நீங்க வெயில்லே கொடியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. என்னைக்கூடப் பார்க்கலே. உள்ளே ஆளு இருக்கிற நினைப்புலே கத்திக்கிட்டு இருந்தீங்க."

"அதுக்காக?"

"மறுநாள் பந்து உருண்டா நீங்க எங்கேண்ணே போவீங்க? ரெண்டாயிரம் நோட்டீஸ் குடுத்துட்டீங்க."

அடுத்த சட்டையை எடுத்தாள். அவளே சொன்னாள்: "எனக்கு இன்னொரு வருஷம் வரும்னு நெனைச்சேன்."

ஃபிஜிக்கு ஏன் போகவில்லை என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.

இன்று காலை அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து நான் கிளம்பிவிட்டேன். வோங்கிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேனே. சொன்ன சொல் மாறமாட்டேன். பஸ் ஏறியதும் மூன்று தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். இதோ, இந்த முதல் தாளில் பழையபடி ஏழு பெயர். நான், லோகநாதன், மற்ற ஐந்து பேர். செய்ய நினைத்ததும் செய்ததும் ஒன்றுதான் என்று வாதாடலாம். திட்டம் என்னுடையது. தலைமை என்னுடையது. இரண்டாவது தாளில் எட்டாவதாக அவள் பெயரையும் சேர்த்திருக்கிறேன், "மற்றும் கோமளவல்லி" என்று. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? முதலில் போட வேண்டுமா? முதலில் போட்டால் அவள் என் இயக்கத்தில் உறுப்பினரே இல்லையே, ஐயா. எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. நான் கேட்டதும் இல்லை.

மூன்றாவது தாளா? அதில் ஒன்றும் எழுதவில்லை. கூரை ஒழுகியது என்று இருந்தால் இருக்கட்டும், அந்தப் பக்கத்தில் அவள் படம் வரட்டும் என்றால், எழுத என்ன இருக்கிறது? ஆனால் அப்போது செங்கோடன் என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு என்ன சாட்சி? எழுபத்தெட்டு வயதாகிறது. எனக்குப் பிள்ளை இல்லை, குட்டி இல்லை, சங்கம் இல்லை. நான் வென்றது ஒரே ஒரு தடவை. அதையும் அவள் செய்தாள். நான் வாசலில் நின்றேன். ரவாங் தாண்டும்போதுதான் எனக்கு அது முழுதாக உறைத்தது. நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், கவனிக்கவில்லை. நல்லதுதான்.

வந்துவிட்டோமா? இரண்டே முக்கால். செந்தூலுக்கு இங்கிருந்து ரயிலில் அரை மணி போதும். தாராளமாகப் போய்விடலாம். நீங்கள் இறங்குங்கள், ஐயா, பின்னால் ஆள் நிற்கிறார்கள். நான் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். முழங்கால் பிடித்துக்கொண்டது.

ஓர் உதவி செய்யுங்கள். இறங்கும்போது டிரைவரிடம், இதே பஸ் திரும்ப எத்தனை மணிக்கு ஈப்போவுக்குப் புறப்படுகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். உங்களுக்கு என்று கேளுங்கள். நானே கேட்டால், முடிவு செய்துவிட்டதாக ஆகிவிடும்.